குட்டி நட்சத்திரத்தை எடை போட்டவர்கள்

சந்தையில் மீன் வாங்கினால் தராசில் வைத்து எடை பார்க்கிறோம். சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் நாடா போட்டு அளவு எடுக்கிறார். ஆனால், கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளியாகவே தெரிகின்ற ஒரு நட்சத்திரத்தை எந்தத் தராசில் வைப்பது? எந்த நாடாவால் அளப்பது? அதிலும் அந்த நட்சத்திரம் பூமியை விடச் சிறியதாக இருந்து, தன்னைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு பளிச்சென்று தெரியும் இன்னொரு நட்சத்திரத்தின் பக்கத்திலேயே இருந்தால்?

வானியல் வரலாற்றில் அப்படியொரு நட்சத்திரம் உண்டு. அதன் பெயர் சிரியஸ் பி. அதன் எடையையும் பருமனையும் சரியாகச் சொல்வதற்கு மனிதனுக்கு 160 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இடையில் ஒரு தவறான எண்ணை, பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் சரியென்று ஏற்றுக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தார்கள். அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்பது வானியல் மாணவர்கள் மட்டுமல்ல, எண்களை நம்பி வாழும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

கண்ணுக்குத் தெரியாத துணை

இரவு வானில் ஆகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். தைப்பூசக் காலத்து இரவுகளில், வானம் தெளிவாக இருந்தால், எல்லாருமே அதைப் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். அந்த மூன்றையும் கோட்டால் இணைத்துத் தென்கிழக்குப் பக்கமாக நீட்டினால், வெள்ளையும் நீலமுமாக மினுமினுக்கும் சிரியஸில் போய் முடியும். அதன் தொலைவு 8.6 ஒளியாண்டு. நட்சத்திரங்களின் கணக்கில் இது அடுத்த வீடு மாதிரி.

ஜெர்மானிய வானியலாளர் ஃபிரெட்ரிக் பெசல், கோனிக்ஸ்பெர்க் நகர வான் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர். நட்சத்திரம் ஒன்றின் தொலைவை முதன்முதலில் நம்பத்தகுந்த முறையில் அளந்து 1838-இல் அறிவித்த பெருமை அவருக்கு உண்டு. அவர் சிரியஸ் வானில் மெல்ல நகர்வதைப் பல ஆண்டுகளின் பதிவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தார். அது நேர்க்கோட்டில் போகவில்லை. பாம்பு ஊர்வதைப் போல் வளைந்து வளைந்து போனது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது, ஆனால் அந்த ஏதோ ஒன்று கண்ணில் படவில்லை. சிரியஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்க வேண்டும் என்று 1844-இல் பெசல் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார். தாம் சொன்ன துணையை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

18 ஆண்டுகள் கழித்து, 1862 ஜனவரி 31-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் என்ற லென்ஸ் செய்யும் தொழிலாளி, புதிதாகத் தீட்டிய பதினெட்டரை அங்குல லென்ஸைச் சோதித்துப் பார்த்தார். சோதனைக்காகத் திருப்பியது சிரியஸ் பக்கம். அதன் அருகே மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. லென்ஸில் குறை ஏதும் இல்லை. அந்தப் புள்ளிதான் பெசல் சொன்ன துணை. அந்த லென்ஸ் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்யப்பட்டது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் அது அங்கே போய்ச் சேரவில்லை. பிறகு சிகாகோவுக்குப் போனது. சிரியஸை மேலை நாட்டார் நாய் நட்சத்திரம் என்று அழைப்பதுண்டு. ஆகவே, துணைக்கு நாய்க்குட்டி என்று செல்லப்பெயர் கிடைத்தது.

சீசா பலகையே தராசு

துணை கண்ணில் பட்டதும் எடை போடும் வழி பிறந்தது. இதை அறிவியலார் நிறை என்பார்கள். பேச்சு வசதிக்கு எடை என்றே வைத்துக்கொள்வோம்.

விளையாட்டுத் திடலில் இருக்கும் சீசா பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் பிள்ளை. பலகை சமமாக நிற்க வேண்டுமானால் கனமானவர் நடுவுக்கு நெருங்கி உட்கார வேண்டும். இரட்டை நட்சத்திரங்களும் அப்படித்தான். இரண்டுக்கும் பொதுவான ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி இரண்டும் ஓடுகின்றன. கனமானது சிறிய வட்டம் போடும், இலேசானது பெரிய வட்டம் போடும். வட்டங்களின் அளவை ஒப்பிட்டால் யார் எத்தனை மடங்கு கனம் என்பது தெரியும். ஒரு சுற்றுக்கு எத்தனை ஆண்டு, இடையே எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால், நியூட்டனின் விதியைக் கொண்டு இரண்டின் மொத்த எடையும் கிடைத்துவிடும்.

சிரியஸ் இணை ஒரு சுற்றை முடிக்க 50 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கணக்கைத் தொடங்கிய ஒருவர் தம் பணிக்காலத்தில் ஒரு சுற்றையாவது முழுதாகப் பார்ப்பதே அரிது. ஒரு தலைமுறை எழுதி வைத்த குறிப்பை அடுத்த தலைமுறை எடுத்துத் தொடர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் விடை ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. பெரியது சூரியனைப் போல் இரண்டு மடங்கு எடை. குட்டி ஏறக்குறைய சூரியனின் எடை.

சூரியன் அளவு எடையுள்ள ஒன்று ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? அதன் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் 300-இல் ஒரு பங்குகூட இல்லை. வயதாகி ஆறிப்போய்ச் சிவந்து மங்கிய நட்சத்திரமாக இருக்கும் என்று பலரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

நிறம் காட்டிக்கொடுத்த அளவு

1915-இல் அந்தச் சமாதானம் உடைந்தது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வால்டர் ஆடம்ஸ் குட்டியின் ஒளியைத் தனியே பிரித்து நிறமாலையைப் பதிவு செய்தார். அது சிவப்பு அல்ல, வெள்ளை! ஆறிப்போன நட்சத்திரம் அல்ல, கொதிக்கும் நட்சத்திரம்.

கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும். இன்னும் சூடேறினால் வெளுக்கும். வெளுத்த இரும்பின் ஒவ்வோர் அங்குலமும் சிவந்த இரும்பைவிடப் பல மடங்கு வெளிச்சம் கொடுக்கும். ஒவ்வோர் அங்குலமும் அப்படிப் பளபளக்கும்போது மொத்த வெளிச்சம் மட்டும் குறைவாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்குலங்களின் எண்ணிக்கை குறைவு. அதாவது, அந்த நட்சத்திரம் மிகமிகச் சிறியது.

நாடா இல்லாமலே அளவு எடுக்கும் வழி இதுதான். வெப்பநிலையைச் சொல்லுங்கள், வெளிச்சத்தைச் சொல்லுங்கள், தொலைவைச் சொல்லுங்கள், பருமனைச் சொல்லிவிடலாம். ஆனால், வெப்பநிலை கொஞ்சம் பிசகினாலும் பருமன் பெரிதாகப் பிசகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வந்த குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் வேர் பிடித்தது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற வானியல் மேதை ஆர்தர் எடிங்டன் குட்டியின் வெப்பநிலையைச் சுமார் 8,000 டிகிரி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஆரம் 18,800 கிலோமீட்டர் என்று வந்தது. சூரியன் அளவு எடையை இந்தச் சின்ன உருண்டைக்குள் திணித்தால், ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு, சுமார் 60 கிலோ இருக்கும்! இப்படியொரு பொருள் இருக்க முடியுமா என்று பலரும் சிரித்தார்கள். ஆனால், கொதிக்கும் வெப்பத்தில் அணுக்கள் உடைந்து கிடப்பதால் அவற்றை நெருக்கி அடைக்க முடியும் என்று எடிங்டன் வாதிட்டார்.

எல்லாருக்கும் பிடித்துப்போன எண்

வாதத்துக்கு ஆதாரம் வேண்டுமே! எடிங்டன் ஐன்ஸ்டீனிடம் போனார். பலமான ஈர்ப்பிலிருந்து ஏறி வெளியே வரும் ஒளி கொஞ்சம் களைத்துச் சிவப்புப் பக்கமாக நகரும் என்பது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கை. எவ்வளவு எடை எவ்வளவு சின்ன உருண்டைக்குள் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த நகர்வு கூடும். வானியலாளர்கள் இதை வேகக் கணக்கில் சொல்வார்கள். சூரியனில் அது நொடிக்கு 0.6 கிலோமீட்டர்தான். குட்டியில் நொடிக்கு 20 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று 1924-இல் எடிங்டன் முன்கூட்டியே சொன்னார். அளந்து பார்க்கும்படி ஆடம்ஸைக் கேட்டுக்கொண்டார்.

1925-இல் ஆடம்ஸ் அறிவித்த விடை: 21 கிலோமீட்டர்.

உலகமே கைதட்டியது. ஒரே அடியில் இரண்டு வெற்றி. ஐன்ஸ்டீன் சொன்னதும் சரி, குட்டியின் அடர்த்தியும் சரி. 1928-இல் லிக் ஆய்வகத்தின் ஜோசப் மூரும் ஏறக்குறைய அதே எண்ணைச் சொன்னார். சொன்னவர் பெரியவர், அளந்தவர் பெரியவர், இரண்டாவது சாட்சியும் கிடைத்துவிட்டது. இனி யார் சந்தேகப்படுவார்கள்?

கப்பலில் போட்ட கணக்கு

இந்த இடத்தில் ஓர் இளைஞரைச் சந்திக்க வேண்டும். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமனின் அண்ணன் மகன். 1930-இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சிரியஸின் குட்டி போன்ற நட்சத்திரங்களுக்கு அதற்குள் 'வெள்ளைக் குள்ளன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரங்கள் அவை. அவற்றின் எடையை எலக்ட்ரான்களின் எதிர்ப்பு தாங்கி நிற்கிறது என்று கேம்பிரிட்ஜின் ஃபௌலர் 1926-இல் விளக்கியிருந்தார். அந்தக் கணக்கில் ஐன்ஸ்டீனின் சார்பியலையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று கடல் பயணத்தில் சந்திரசேகர் போட்டுப் பார்த்தார்.

விடை விசித்திரமாக இருந்தது. சமையலறையில் மாவு உருண்டையோடு மேலும் மாவைச் சேர்த்தால் உருண்டை பெரிதாகும். வெள்ளைக் குள்ளனில் நேர்மாறு. எடை சேரச் சேர உருண்டை சிறுத்துக்கொண்டே போகும். ஓர் எல்லைக்குமேல் அது தாங்கவே தாங்காது, இடிந்து விழும். அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. இன்று உலகம் அதைச் சந்திரசேகர் வரம்பு என்றே அழைக்கிறது.

1935 ஜனவரி 11-ஆம் நாள் லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் ஆய்வைப் படைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். நட்சத்திரம் அப்படிக் கோணங்கித்தனமாக நடந்துகொள்ள இயற்கை இடம் கொடுக்காது என்ற பொருளில் அவர் பேச, சபை சிரித்தது. குட்டியின் நம்பமுடியாத அடர்த்தியை உலகத்தை நம்பவைத்த அதே எடிங்டன்தான், அந்த அடர்த்தியிலிருந்து பிறந்த அடுத்த முடிவை ஏற்க மறுத்தார்! சந்திரசேகர் பின்னர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் வேறு துறைகளில் உழைத்தார். நோபல் பரிசு அவரை எட்டியது 1983-இல்தான்.

சந்திரசேகரின் கணக்குப்படி சூரியன் அளவு எடையுள்ள வெள்ளைக் குள்ளன் பூமியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எடிங்டன் சொன்ன 18,800 கிலோமீட்டர் ஆரமோ பூமியின் ஆரத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. ஆனாலும் 21 என்ற எண் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பெரியவனின் வெளிச்சம்

1971-இல் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன், ஜே. பெவர்லி ஓக், ஹாரி ஷிப்மன் ஆகிய மூவரும் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த பதிவுகளை ஆராய்ந்து புதிய எண்ணை வெளியிட்டனர். நொடிக்கு 89 கிலோமீட்டர். பிழை 16 கிலோமீட்டர் இப்படியோ அப்படியோ இருக்கலாம். பழைய எண்ணைப்போல் நான்கு மடங்கு!

பழைய அளவில் என்ன கோளாறு? பக்கத்தில் இருந்த பெரியவனின் வெளிச்சம்தான். சிரியஸின் பேரொளி சிதறி, குட்டியின் நிறமாலையில் கலந்துவிட்டது. குட்டியின் குரலைக் கேட்பதாக நினைத்தவர்கள் பாதி பெரியவனின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். பெரியவனின் நிறமாலையோடு கலந்ததால்தான் குட்டியின் வெப்பநிலையும் குறைவாகத் தெரிந்தது. வெப்பநிலை குறைந்ததால் ஆரம் மூன்று மடங்கு ஊதிப்போனது. ஆரம் ஊதியதால் எடிங்டனின் 20 வந்தது. அதே கலப்படம் ஆடம்ஸின் அளவையும் கீழே இழுத்து 21 ஆக்கியது. இரண்டு எண்கள் ஒத்துப்போனது உண்மைதான். ஆனால், ஒரே கிணற்றில் கலந்த உப்பை இரண்டு குடங்களில் மொண்டு ருசி பார்த்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்த கதை அது.

இதனால் ஐன்ஸ்டீன் பொய்யாகிவிடவில்லை. அந்த விளைவு 1960-இலேயே ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில் பவுண்டும் ரெப்காவும் நடத்திய சோதனையில் உறுதியாகிவிட்டது. கொள்கை சரி, அதற்கென்று கொண்டுவந்த சான்றுதான் தவறு.

2005-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி களத்தில் இறங்கியது. காற்றுமண்டலத்துக்கு மேலே இருப்பதால் பெரியவனின் ஒளி அங்கே அவ்வளவாகச் சிதறுவதில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பார்ஸ்டோ குழு அளந்த நகர்வு நொடிக்கு 80 கிலோமீட்டர். வெப்பநிலை சுமார் 25,000 டிகிரி. விட்டம் சுமார் 12,000 கிலோமீட்டர். நம் பூமியின் விட்டம் 12,700 கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரைக் கட்டி அளவு பொருள் 60 கிலோ அல்ல, இரண்டு டன்னுக்கும் மேல்! பூமியில் 50 கிலோ இருப்பவர் அங்கே போய் நின்றால் 17,000 டன்னுக்கு மேல் எடை காட்டுவார்.

2017-இல் ஹவர்ட் பாண்ட் குழுவினர், ஹபிள் ஏறக்குறைய 20 ஆண்டுகளாக எடுத்த படங்களையும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்ந்த பழைய அளவுகளையும் ஒன்றாக வைத்து எடையை மறுபடி கணக்கிட்டனர். சூரியனைப்போல் 1.02 மடங்கு என்று வந்தது. சுற்றுப்பாதை சொல்லும் எடை, வெளிச்சம் சொல்லும் ஆரம், ஒளியின் நகர்வு சொல்லும் விகிதம் ஆகிய மூன்று சாட்சிகளும் இப்போது தனித்தனியே வந்து ஒரே கதையைச் சொல்கின்றன. அந்தக் கதை சந்திரசேகரின் கணக்கோடு பொருந்துகிறது.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1999-இல் விண்ணில் செலுத்தப்பட்ட எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் நினைவாகச் சந்திரா என்றே பெயர். அது எடுத்த சிரியஸ் படத்தில் பெரியவன் மங்கலாகவும் குட்டி பளிச்சென்றும் தெரிகின்றன!

குள்ளர்களில் இரண்டு வகை

சின்ன நட்சத்திரம் என்றால் எல்லாமே இப்படிச் சுருங்கிப்போனவை அல்ல. பிறக்கும்போதே குறைந்த எடையோடு பிறந்த செங்குள்ளன்கள் இன்னொரு வகை. நமக்கு ஆக அருகிலுள்ள பிராக்சிமா செண்டாரி அந்த வகைதான். அதன் எடை சூரியனில் சுமார் 12 விழுக்காடு, ஆரம் சுமார் 15 விழுக்காடு. 2017-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் கண்டறிந்த ஒரு நட்சத்திரம் சனிக்கோளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தன் பெரிய துணைக்கு முன்னால் அது கடந்து போகும்போது வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஆரத்தையும், துணையை அது எவ்வளவு ஆட்டுகிறது என்று பார்த்து எடையையும் கணக்கிட்டார்கள்.

இந்த அளவுகளில் பிசகினால் நட்டம் யாருக்கு? வேற்றுக் கோள்களைத் தேடுவோருக்குத்தான். நட்சத்திரத்தின் ஒளியைக் கோள் எவ்வளவு மறைக்கிறது என்பதை வைத்தே கோளின் அளவைச் சொல்கிறார்கள். நட்சத்திரத்தின் அளவு பத்து விழுக்காடு தவறினால் கோளின் அளவும் பத்து விழுக்காடு தவறும். அப்போது பாறைக்கோளா, வாயுக்கோளா என்பதே மாறிவிடக்கூடும்.

துணையில்லாதவனை நிறுக்கும் தராசு

இதுவரை சொன்ன எடை போடும் முறைகளுக்கெல்லாம் ஒரு துணை தேவை. துணையே இல்லாத, அல்லது துணை ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிற குள்ளனை என்ன செய்வது?

2017-இல் அதற்கும் ஒரு விடை கிடைத்தது. ஸ்டைன் 2051 பி என்ற வெள்ளைக் குள்ளன், தனக்கு வெகு தொலைவில் பின்னாலிருந்த இன்னொரு நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய முன்னால் கடந்து சென்றது. குள்ளனின் ஈர்ப்பு பின்னாலிருந்து வந்த ஒளியை வளைத்தது. அதனால் பின்னணி நட்சத்திரம் இடம் மாறியதுபோல் தெரிந்தது. 2,400 கிலோமீட்டர் தொலைவில் ஒரு நாணயத்தின் மேல் எறும்பு ஊர்வதைப் பார்ப்பது போன்ற நுட்பமான மாற்றம் அது. அமெரிக்காவின் கைலாஷ் சாகு குழுவினர் அதை ஹபிளில் அளந்து, குள்ளனின் எடை சூரியனில் சுமார் 68 விழுக்காடு என்றனர். இதுவும் சந்திரசேகரின் கணக்கோடு ஒத்துப்போனது. 2023-இல் துணையே இல்லாத வேறொரு வெள்ளைக் குள்ளனும் இதே முறையில் எடை போடப்பட்டது.

ஒளி ஈர்ப்பில் வளைகிறது என்பதை 1919 சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பித் தீவுக்குச் சென்று படமெடுத்து உலகுக்குக் காட்டியவர் வேறு யாருமில்லை, எடிங்டன்தான். தாம் ஏற்க மறுத்த இளைஞரின் கணக்கைச் சரிபார்க்கும் தராசுக்கும் அவரே வழிகாட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதை நினைவூட்ட வேண்டியதில்லை. எவ்வளவு பெரியவர் சொன்னாலும், எத்தனை பேர் ஒத்துக்கொண்டாலும், ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதில் யாருடைய வெளிச்சம் கலந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். 1925-இல் அந்தக் கேள்வியைப் போதுமான அளவுக்குக் கேட்காததால் சிரியஸின் குட்டி, 1971 வரை தன் சொந்த எண் கிடைக்காமல் காத்திருந்தது.